விக்டோரியா மாநிலத் தேர்தல்: உங்கள் வாக்கு கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது?

கேள்வி இது: "ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்த பிறகு மெல்பனில் முதன்முறையாக மாநிலத் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். நாம் ஒரு கட்சிக்குப் போடும் வாக்கை அந்தக் கட்சி இன்னொரு கட்சிக்குக் கொடுத்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? எந்தக் கட்சி யாருக்குக் கொடுக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?"

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி, பாதி தவறு. விக்டோரியாவில் உங்கள் கையில் இரண்டு வாக்குச்சீட்டுகள் கொடுப்பார்கள். சிறியது கீழவையான சட்டப்பேரவைக்கு. 88 தொகுதிகள், தொகுதிக்கு ஓர் உறுப்பினர். பெரியது மேலவைக்கு, மாநிலத்தை 8 மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு 5 பேர் வீதம் 40 பேர். சிறிய சீட்டில் உங்கள் வாக்கை எந்தக் கட்சியாலும் யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. பெரிய சீட்டில், நீங்கள் அனுமதித்தால், முடியும். பத்தாண்டுகளுக்கு மேலாக இங்கே வாக்களித்து வருபவர்களில்கூடப் பலர், தாங்கள் அந்த அனுமதியைக் கொடுத்திருப்பதே தெரியாமல் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான். ஆனால் முதலில் சிறிய சீட்டு.

அதில் வேட்பாளர்கள் அனைவருக்கும் 1, 2, 3 என்று நீங்கள் எண்ணிட வேண்டும். ஒரு கட்டத்தில் மட்டும் 1 போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விட்டால் அந்த வாக்கு செல்லாது. எண்ணும்போது யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லையென்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு 1 போட்டவர்களின் சீட்டுகளை அவரவர் 2 போட்ட வேட்பாளருக்கு மாற்றுவார்கள். இருவர் எஞ்சும்வரை இப்படியே தொடரும். நமக்கு இது முற்றிலும் புதிய முறையும் அல்ல. இந்தியக் குடியரசுத் தலைவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969இல் முதல் சுற்றில் பாதியைத் தாண்டாத வி.வி. கிரி, இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணிய பிறகே சஞ்சீவ ரெட்டியை வென்றார். இலங்கையிலும் 2024 ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிய நிலை முதன்முறையாக வந்தது.

இரண்டாம், மூன்றாம் எண்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெல்பனின் பிரரான் தொகுதியைப் போல் இன்னொரு சான்று கிடையாது. 2014 தேர்தலில் அங்கே, வலதுசாரிப் பெரிய கட்சியான லிபரலின் வேட்பாளர் ஏறத்தாழ 45 சதவீதம் பெற்று முதலிடத்தில் இருந்தார். இடதுசாரிப் பக்கமுள்ள பெரிய கட்சியான லேபர் 26 சதவீதத்தை ஒட்டி இரண்டாமிடம். லேபரைவிட இடதுபுறம் நிற்கும் சூழலியல் கட்சியான கிரீன்ஸின் சாம் ஹிப்பின்ஸ் அதற்கும் ஒரு சதவீதம் குறைவாக மூன்றாமிடம். நம் ஊர்க் கணக்குப்படி அவர் அன்றிரவே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். ஆனால் சிறு கட்சிகளின் வேட்பாளர்களை ஒவ்வொருவராக நீக்கி வாக்குகளை மாற்றியபோது, அவர் மிகச் சொற்ப வாக்குகளில் லேபரை முந்தினார். உடனே லேபர் நீக்கப்பட்டது. லேபருக்கு 1 போட்டவர்களில் பெரும்பாலோர் லிபரலுக்கு முன்னால் கிரீன்ஸை எண்ணிட்டிருந்ததால், ஹிப்பின்ஸ் 300க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2018இலும் முதல் விருப்பில் மூன்றாமிடம், அப்போதும் வெற்றி. அதாவது விலங்கு நலக் கட்சி போன்ற ஒரு சிறு கட்சிக்கு 1 போட்டு, அதன் பிறகு கவனமாக எண்ணிட்ட சில நூறு பேர்தான் அந்தத் தொகுதியின் உறுப்பினரைத் தீர்மானித்தார்கள். "சின்னக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண்" என்று யாராவது சொன்னால் இந்தத் தொகுதியைச் சொல்லுங்கள்.

சிறிய சீட்டில் கட்சிகளின் வேலை என்ன? வாக்குச்சாவடி வாசலில் ஒவ்வொரு கட்சியின் ஆட்களும் "இப்படி வாக்களியுங்கள்" என்று ஓர் அட்டையை நீட்டுவார்கள். அந்தக் கட்சிக்கு 1 என்றும், மற்றவர்களுக்கு அது பரிந்துரைக்கும் எண்கள் என்னவென்றும் அதில் அச்சிட்டிருக்கும். அது வெறும் பரிந்துரை. அதை வாங்கவே வேண்டியதில்லை. வாங்கினாலும் பின்பற்ற வேண்டியதில்லை. கட்சிகள் "எங்கள் விருப்பு வாக்குகளை இன்னாருக்குக் கொடுக்கிறோம்" என்று அறிவிக்கும்போது, சிறிய சீட்டைப் பொறுத்தவரை அதன் பொருள் அட்டையில் அப்படி அச்சிடப் போகிறோம் என்பது மட்டுமே.

ஆனாலும் அட்டையை அலட்சியம் செய்யாதீர்கள். நிறையப் பேர் அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள். அதனால் அது தேர்தல் முடிவையே மாற்றும். 2010இல் டெட் பெய்லியூ தலைமையிலான லிபரல் கட்சி, கிரீன்ஸைக் கடைசியில் வைக்கும்படி தன் ஆதரவாளர்களைக் கேட்டது. மெல்பன் நகரையொட்டிய தொகுதிகளில் கிரீன்ஸ் வெல்லும் என்று பலரும் எதிர்பார்த்திருந்த நேரம் அது. ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை, லேபர் அவற்றைத் தக்கவைத்தது. 2022இல் அதே லிபரல் கட்சி தலைகீழாகத் திரும்பி, லேபரைக் கடைசியில் வைக்கச் சொன்னது. ரிச்மண்ட் தொகுதி கிரீன்ஸ் வசம் போனது. ஒரே கட்சி, பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் நேரெதிரான இரண்டு அட்டைகள். கொள்கை மாறியதால் அல்ல, அப்போதைய கணக்கு மாறியதால். 2025 பிப்ரவரியில் பிரரானில் இடைத்தேர்தல் வந்தபோது லேபர் போட்டியிடவில்லை. அங்கே முன்பு லேபர் உறுப்பினராக இருந்த டோனி லப்டன் சுயேச்சையாக நின்று, தன் அட்டையில் கிரீன்ஸுக்கு முன்னால் லிபரலை வைத்தார். லிபரல் குறைந்த வித்தியாசத்தில் வென்றது. "பழைய லேபர்காரர்தானே" என்று நம்பி அந்த அட்டையைப் பார்த்து எழுதியவர்களின் வாக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அட்டையைப் படியுங்கள், ஆனால் பார்த்து எழுதாதீர்கள். ஒரு கட்சி தன் எதிராளிகளில் யாரைச் சகித்துக்கொள்கிறது, யாரைக் கடைசியில் தள்ளுகிறது என்பதை அதன் தேர்தல் அறிக்கையைவிட அட்டை நேர்மையாகச் சொல்லும்.

இனி பெரிய சீட்டு. அதன் குறுக்கே ஒரு தடித்த கோடு ஓடும். கோட்டுக்கு மேலே கட்சிகளின் பெயர்கள், கட்சிக்கு ஒரு கட்டம். கோட்டுக்குக் கீழே வேட்பாளர்களின் பெயர்கள், ஆளுக்கு ஒரு கட்டம். 2022 தேர்தல் நடந்த முறைப்படி, உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: மேலே ஏதாவது ஒரு கட்சிக்கு 1 போட்டுவிட்டு வந்துவிடலாம், அல்லது கீழே குறைந்தது 5 வேட்பாளர்களுக்கு 1 முதல் 5 வரை எண்ணிடலாம். மேலே போடுவது எளிது என்பதால் மிகப் பெரும்பாலோர் அதையே செய்கிறார்கள்.

மேலே 1 போட்டதும் நடப்பது என்ன தெரியுமா? அந்தக் கட்சி, தேர்தலுக்கு முன்பே தேர்தல் ஆணையத்திடம் ஒரு பட்டியலைப் பதிவு செய்திருக்கும். அந்த மண்டலத்தில் நிற்கும் எல்லா வேட்பாளர்களையும் முதலிலிருந்து கடைசிவரை அந்தக் கட்சி வரிசைப்படுத்திய பட்டியல் அது. நீங்கள் போட்ட அந்த ஒற்றை 1, அந்தப் பட்டியல் முழுவதிலும் நீங்கள் கையெழுத்திட்டதற்குச் சமம். பட்டியலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது வாக்குச்சீட்டிலும் அச்சிடப்பட்டிருக்காது. உங்கள் நண்பர்கள் சொன்னதில் சரியான பாதி இதுதான்.

இதன் விளைவுகளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மண்டலத்தில் 5 இடங்கள் என்பதால் ஓர் இடம் பெறுவதற்கு ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும், அதாவது ஏறத்தாழ 16.7 சதவீதம்; அதைத் தாண்டுபவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. 2018இல் தெற்கு மெல்பன் மண்டலத்தில் கிரீன்ஸ் 13.5 சதவீதத்தை ஒட்டிப் பெற்றது. சஸ்டெய்னபிள் ஆஸ்திரேலியா என்ற சிறு கட்சி பெற்றது 1.3 சதவீதம். இடம் கிடைத்தது 1.3 சதவீதக் கட்சிக்கு. அதே தேர்தலில் கிழக்கு மெல்பன் மண்டலத்தில், டாக்சித் தொழில் சார்ந்தவர்கள் தொடங்கிய டிரான்ஸ்போர்ட் மேட்டர்ஸ் கட்சி ஒரு சதவீதம்கூடப் பெறாமல், 0.6 சதவீதத்தில் உள்ளே வந்தது. மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் டெரின் ஹிஞ்சின் ஜஸ்டிஸ் கட்சி 4 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்று 3 இடங்களைப் பிடித்தது; 9 சதவீதத்துக்கு மேல் பெற்ற கிரீன்ஸுக்கு 1 இடம். நான் கிரீன்ஸுக்காக வாதாடவில்லை. உங்களுக்குப் பிடிக்காத கட்சியாக அது இருந்தாலும் இந்தக் கணக்கு நியாயமாகப் படாது.

இது எப்படி நடக்கிறது? தனியாக 1 அல்லது 2 சதவீதம் பெறும் பத்துப் பன்னிரண்டு கட்சிகள் கொள்கை பார்க்காமல் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன: இந்த மண்டலத்தில் எல்லோரும் உன்னை முன்னால் வைக்கிறோம், அந்த மண்டலத்தில் நீங்கள் எல்லோரும் என்னை முன்னால் வையுங்கள். ஒவ்வொரு கட்சியாக நீக்கப்படும்போது அவற்றின் வாக்குகள் மொத்தமாக, சிந்தாமல் சிதறாமல், ஒரே வேட்பாளரிடம் போய்ச் சேரும். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை ஏற்பாடு செய்து தருவதையே தொழிலாகக் கொண்டவர் கிளென் டுரூரி. ஆஸ்திரேலிய அரசியலில் தேர்தலுக்குத் தேர்தல் அடிபடும் பெயர்.

பெரிய கட்சிகளும் இதில் சளைத்தவை அல்ல. 2004 கூட்டாட்சித் தேர்தலில், நாட்டின் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கும் இதே முறைதான் இருந்தது. விக்டோரியாவில் லேபர் தன் பட்டியலில் கிரீன்ஸுக்கு முன்னால் ஃபேமிலி ஃபர்ஸ்ட் என்ற மதப் பழமைவாதக் கட்சியை வைத்தது. ஏறத்தாழ 1.9 சதவீதம் மட்டுமே பெற்றிருந்த அந்தக் கட்சியின் ஸ்டீவ் ஃபீல்டிங், லேபருக்குப் போட்ட மக்களின் வாக்கில் செனட்டர் ஆனார். அவருக்கு வாக்களிப்பதாக அந்த மக்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? 2013இல் அதே விக்டோரியாவில், கார் ஆர்வலர்களின் கட்சியைச் சேர்ந்த ரிக்கி மியூர் அரைச் சதவீதத்தில் செனட்டுக்குப் போனார். 2016இல் செனட்டுக்கு இந்த முறையை ஒழித்தார்கள். நியூ சவுத் வேல்ஸ், 264 வேட்பாளர்களோடு மேசை விரிப்பு அளவுக்கு வாக்குச்சீட்டு அச்சிட்ட 1999 தேர்தலோடு இதைக் கைவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2021இல் ஒருவர் 98 முதல் விருப்பு வாக்குகளில் மேலவை உறுப்பினரானார். அதே ஆண்டில் அங்கும் முறை ஒழிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவும் விட்டுவிட்டது. 2022இல் இந்த முறையில் வாக்களித்த ஒரே மாநிலம் விக்டோரியா. 2024இல் மாநில நாடாளுமன்றத்தின் தேர்தல் விவகாரக் குழுவே இதைக் கைவிடும்படி பரிந்துரைத்தது.

ஆகவே 2026 நவம்பர் 28 தேர்தலில் சீட்டு கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, கோட்டுக்கு மேலே வாக்களிப்பது பற்றி அச்சிட்டிருக்கும் வரியைப் படிப்பது. ஒரே ஒரு கட்டத்தில் 1 போடு என்றிருந்தால், உங்கள் வாக்கைக் கட்சியின் பட்டியல்தான் வழிநடத்தும். பல கட்டங்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிடச் சொல்லியிருந்தால், வரிசை உங்களுடையது.

பட்டியல்களை முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். வேட்புமனுத் தாக்கல் முடிந்த ஓரிரு நாளில் கட்சிகள் பட்டியலைப் பதிவு செய்தாக வேண்டும். உடனே மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அவை வெளியாகும். ஏபிசி தொலைக்காட்சியின் தேர்தல் ஆய்வாளராக நீண்ட காலம் இருந்த ஆண்டனி கிரீன் இவற்றைப் பிரித்து விளக்கி எழுதியவை, பட்டியல் படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல பாடம். ஒரு சிக்கல்: 2022இல் பட்டியல்கள் வெளியான கையோடு முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்கிவிட்டது. முதல் நாளே போய் வாக்களித்தவர்களுக்குப் பட்டியலைப் பார்க்க நேரமே இருக்கவில்லை. முன்கூட்டியே வாக்களிப்பதாக இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போங்கள்.

பட்டியலைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐம்பது, அறுபது பெயர்கள் இருக்கும். பெரும்பாலோர் மேலிருந்து நாலு பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்த நாலு பெயர் பெரும்பாலும் அந்தக் கட்சியின் சொந்த வேட்பாளர்களும் ஒப்பந்தக் கூட்டாளிகளும்தான். உண்மையான தீர்ப்பு நடுவில் இருக்கிறது. உங்கள் மண்டலத்தில் கடைசி இடத்துக்கு யார் யார் மோதுவார்கள் என்று முந்தைய தேர்தல் முடிவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் லேபரின் அடுத்த வேட்பாளர், லிபரலின் அடுத்த வேட்பாளர், கிரீன்ஸ், ஒன் நேஷன் அல்லது கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரும் கட்சி போன்ற ஒன்றிரண்டு சிறு கட்சிகள். பிறகு நீங்கள் 1 போட நினைக்கும் கட்சியின் பட்டியலில் இந்த ஐந்தாறு பேர் மட்டும் என்ன வரிசையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மற்றவர்கள் எல்லாம் எப்படியும் வழியில் நீக்கப்படுவார்கள். உங்கள் கட்சியும் நீக்கப்பட்டால், உங்கள் வாக்கு யாரிடம் போய் நிற்கும் என்பதை இந்த ஐந்தாறு பேரின் வரிசை சொல்லிவிடும். அது உங்களுக்குச் சம்மதமா? சம்மதமென்றால் மேலே 1 போட்டுவிட்டு வாருங்கள், தவறில்லை.

பெயரை வைத்து மட்டும் கட்சியை எடைபோடாதீர்கள். 2013இல் நியூ சவுத் வேல்ஸ் செனட் சீட்டில் லிபரல் டெமாக்ரட்ஸ் என்ற கட்சி முதல் நிரலில் இடம்பெற்று 9 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. லிபரல் கட்சி என்றே நினைத்துப் போட்டவர்கள் அதில் நிறையப் பேர் என்பது பரவலான கருத்து. நீதி, குடும்பம், சுகாதாரம், விடுதலை என்ற பெயர்கள் எல்லோருக்கும் பிடித்தவை. பட்டியல்தான் உள்ளே இருப்பதைக் காட்டும்.

என் சொந்த ஆலோசனை, கோட்டுக்குக் கீழே எண்ணிடுங்கள். அறுபது பேருக்கும் எண்ணிட வேண்டும் என்று பயந்து பலர் மேலேயே போட்டுவிடுகிறார்கள். விக்டோரியாவில் 5 போதும். ஆனால் 5 பேரோடு நிறுத்தி, அந்த 5 பேரும் நீக்கப்பட்டால் உங்கள் சீட்டு அத்தோடு ஒதுங்கிவிடும். அதனால் கடைசி இடத்துக்கு மோதக்கூடியவர்களில் நீங்கள் சகித்துக்கொள்ளக்கூடிய எல்லோருக்கும் எண் போகும்வரை தொடருங்கள்; பன்னிரண்டு, பதினைந்து எண்களில் முடிந்துவிடும். ஒரே கட்சி வேட்பாளர்களையே தொடர்ந்து எண்ணிட வேண்டும் என்பதும் இல்லை, கட்சிகளைத் தாண்டி ஆளைப் பார்த்தும் போடலாம். பின்னால் இடும் எண் முன்னால் இட்டவருக்குக் கெடுதல் செய்யுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். செய்யாது. முன்னவரின் ஆட்டம் முடிந்த பிறகுதான் பின்னவரின் எண்ணையே பார்ப்பார்கள்.

சிறிய சீட்டுக்கு எண்ணிடும்போது கடைசியிலிருந்து தொடங்குவது நல்லது. யார் வரவே கூடாது என்று நினைக்கிறீர்களோ அவருக்குக் கடைசி எண். பிறகு அவருக்கு மேலே, அப்படியே மேலே. கடைசியில் லேபரும் லிபரலும் எஞ்சும் தொகுதியாக இருந்தால் இவ்விருவரில் யாருக்குச் சிறிய எண் என்பதுதான் உங்கள் வாக்கின் முடிவு. அந்த ஒன்றை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தீர்மானித்துக்கொண்டு போங்கள். மனதார ஆதரிக்கும் சிறு கட்சிக்கு 1 போடத் தயங்க வேண்டாம்: முதல் விருப்பில் 4 சதவீதம் எட்டும் வேட்பாளருக்கு வாக்குக் கணக்கில் அரசு நிதியும் கிடைக்கும்.

எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதில் நம்மவர்களிடம் ஒரு குழப்பத்தைப் பார்க்கிறேன். அகதி விசா, குடிவரவு, இலங்கை தொடர்பான வெளியுறவு நிலைப்பாடு ஆகியவற்றை வைத்து மாநிலக் கட்சிகளை எடைபோடுகிறார்கள். அவை நம் மனதுக்கு நெருக்கமானவை, எனக்கும்தான். ஆனால் அவை கான்பெராவில் உள்ள கூட்டாட்சி அரசின் கையில் இருக்கின்றன. மாநில அரசின் கையில் இருப்பவை பள்ளிகள், மருத்துவமனைகள், காவல்துறை, ரயிலும் டிராமும், வாடகைச் சட்டம், நிலப் பயன்பாடு. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுக்க முடிவதும் மாநிலக் கல்விமுறையின் வழியாகத்தான். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் வேட்பாளரிடம் இவற்றைக் கேளுங்கள், கூடவே, "உங்கள் அட்டையில் இரண்டாம் இடம் யாருக்கு, ஏன்?" என்றும் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரை நான் மதிப்பேன்.

சிட்னியில் உறவினர்கள் இருந்தால் அவர்கள் சொல்லும் விதியை இங்கே பின்பற்றாதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் கீழவைச் சீட்டில் 1 மட்டும் போட்டாலே வாக்கு செல்லும்; விக்டோரியாவில் செல்லாது. கூட்டாட்சித் தேர்தலின் செனட் சீட்டில் கோட்டுக்கு மேலே 6 எண்கள், அல்லது கீழே 12. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

வீட்டிலேயே உங்கள் வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பார்த்து எழுதலாம், அதற்குத் தடையில்லை. இரண்டு பேருக்கு 4 போட்டுவிட்டாலோ, ஓர் எண் விட்டுப்போனாலோ அடித்துத் திருத்த முயலாதீர்கள். சீட்டைப் பெட்டியில் போடும் முன் அலுவலரிடம் கொடுத்தால் புதிய சீட்டு தருவார்.